இணையத்தில் ஏற்றிய தமிழ் எங்கே போயிற்று?



கணினித் திரையில் ஒரு தமிழ் எழுத்தைக் கண்டாலே நெஞ்சம் பூரித்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. நான் அந்தத் தலைமுறையின் கடைசி வரிசையில் நின்றவன். 2000ஆம் ஆண்டுவாக்கில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, 'இனி நம் மொழிக்கு அழிவில்லை. இணையம் ஏறிவிட்டது' என்று விரிவுரையாளர் முதல் மாணவர் வரை எல்லாரும் பேசிக்கொண்டோம். பள்ளியில் பணியேற்ற பிறகும், கணினி அறையின் பொறுப்பை விரும்பிக் கேட்டுப் பெற்றேன்.

இன்று என் வயதொத்த ஆசிரியர்களிடமும் எனக்கு மூத்த ஆசிரியர்களிடமும் அந்தப் பூரிப்பைக் காண முடிவதில்லை. அதன் இடத்தில் ஒருவகைச் சலிப்பு வந்து அமர்ந்திருக்கிறது. 'வயதாகிவிட்டது, புதியன கற்க இவர்களால் இயலவில்லை' என்று இளைய ஆசிரியர்கள் எண்ணக்கூடும். அஃது உண்மையன்று. நான்கைந்து விசைப்பலகைகளையும் ஐந்தாறு குறியேடுகளையும் கற்றுத் தேர்ந்தவர்கள் இவர்கள். கற்பதில் இவர்களுக்கு அச்சமில்லை. வேறு எதிலோ நம்பிக்கை இழந்திருக்கிறார்கள். அது எது என்பதை அறிய, கடந்த நாற்பது ஆண்டுகளைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

கனவு பிறந்த காலம்

தமிழ்க் கணிமையின் வரலாற்றில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனி இடமுண்டு. 1985ஆம் ஆண்டிலேயே நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். பின்னாளில் அது 'முரசு அஞ்சல்' என்னும் பெயரில் உலகத் தமிழரிடம் பரவியது.

1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்குமொழித் தொகுப்பொன்று இணையத்தில் வெளியிடப்பட்டது. அன்றைய சிங்கப்பூர் அதிபர் ஓங் தெங் சியோங் அதனைத் தொடக்கி வைத்தார். அதில் தமிழ்க் கவிதைகளும் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. அதற்குப் பின்னால் இருந்து உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அவர் பொறியாளர் அல்லர்; சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த ஆசிரியர். தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் 'தமிழ் 99' விசைப்பலகை பரிந்துரைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி மறைந்தார். 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் மாநாடு கூடியபோது உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூர் அம்மாநாட்டை ஏற்று நடத்தியது.

அந்நாளைய உழைப்பின் தன்மையை இன்றைய இளையோர் அறிய வேண்டும். திஸ்கி எனப்படும் தமிழ்க் குறியேடு எந்த நிறுவனத்தின் ஆணையாலும் உருவானதன்று. பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சல் குழுவில் கூடி, எந்த எழுத்துக்கு எந்த இடம் என்று ஒவ்வொன்றாக வாதிட்டு முடிவு செய்தார்கள். கூலி இல்லை, விருது இல்லை. தொலைபேசிக் கம்பிவழி இணைப்புக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இணையம் என்பது நாமே கட்டும் ஊர்ப் பொதுக்கூடம் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையே அக்காலத்தின் உயிர்நாடி.

ஒரு திரை, பல குறியேடுகள்

அந்தப் பொதுக்கூடத்தின் அடித்தளத்தில் ஒரு விரிசல் தொடக்கத்திலேயே இருந்தது. அன்றைய கணினி எழுத்துகளை 256 இடங்கள் கொண்ட ஒரு கட்டத்தில் வைத்திருந்தது. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் உரியவை. எஞ்சிய 128 இடங்களில்தான் தமிழை அமர்த்த வேண்டியிருந்தது. எழுத்துரு படைத்த ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்ற வரிசையில் அமர்த்தினார்கள். வேறு சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தார்கள். 'பாமினி' எழுத்துரு இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இதன் விளைவு என்ன? ஒரு பள்ளியில் தட்டச்சு செய்த தேர்வுத்தாளை இன்னொரு பள்ளியின் கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் சிதறிக் கிடக்கும். கோப்போடு எழுத்துருவையும் நெகிழ்வட்டில் சேர்த்துக் கொடுத்தனுப்புவது ஆசிரியர்களிடையே வழக்கமாயிற்று.

இதற்குத் தீர்வாக வந்ததே ஒருங்குறி. உலகின் எழுத்துமுறைகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கும் இக்குறியேட்டில் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி அமைந்தது. ஆயினும் வீட்டுக் கணினிகளில் அது வந்து சேரப் பத்தாண்டுகள் ஆயின. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில்கூடத் தமிழ் சரியாகத் தெரிய, அமைப்புப் பகுதிக்குச் சென்று சிக்கலான எழுத்துகளுக்குரிய கோப்புகளை நிறுவுவட்டிலிருந்து சேர்க்க வேண்டியிருந்ததை என் தலைமுறை ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஒருங்குறி வெற்றி பெற்றது. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்டவை என்னாயின? மாற்றியவர்களின் கோப்புகள் பிழைத்தன. ஏனையவை வட்டுகளில் உறங்கின. நெகிழ்வட்டைப் படிக்கும் கருவியே கணினியிலிருந்து மறைந்தது. பிறகு குறுவட்டைப் படிக்கும் கருவியும் மடிக்கணினிகளிலிருந்து மறைந்தது.

மூடப்பட்ட கதவுகள்

இணையத்தில் ஏற்றியவை பத்திரமாக இருக்கும் என்று அன்று எண்ணினோம். வரலாறு வேறு பாடம் கற்பித்தது. இலவச இணையப்பக்கங்களுக்குப் பெயர்பெற்ற ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26ஆம் நாள் மூடப்பட்டது. உலகெங்கும் தமிழர்கள் உரையாடிய களங்களுள் ஒன்றான யாகூ குழுமங்களின் பழைய மடல்கள் 2019 இறுதியில் தொடங்கி நீக்கப்பட்டு, 2020 டிசம்பரில் அச்சேவையே நின்றுபோயிற்று. 2020 டிசம்பர் 31ஆம் நாளுடன் ஃபிளாஷ் தொழில்நுட்பத்திற்கான ஆதரவு முடிந்தது. குழந்தைகளுக்காக அத்தொழில்நுட்பத்தில் செய்த எழுத்து விளையாட்டுகளும் அசைபடப் பாடங்களும் அதன்பின் அசைவற்றுப்போயின.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 2013ஆம் ஆண்டில் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. பெரிய மொழிகளுக்கு எஞ்சியதே கடலளவு இருக்கும். சிறிதளவே ஏற்றிய நமக்கோ ஒவ்வொரு பக்கமும் அரியது.

பணி ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் ஒருவரை நான் அறிவேன். தொடக்கப்பள்ளி மாணவர்களுக்காக விடுகதைகள், மரபுத்தொடர் விளக்கங்கள், பயிற்சித்தாள்கள் ஆகியவற்றை ஏழெட்டு ஆண்டுகள் தம் சொந்த நேரத்தில் தட்டச்சு செய்து, ஓர் இலவசச் சேவையில் பக்கம் அமைத்து ஏற்றி வைத்திருந்தார். தோட்டப்புறப் பள்ளி ஆசிரியர்கள் பலர் அவற்றை அச்சிட்டுப் பயன்படுத்தினார்கள். ஒருநாள் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. அறிவிப்பு அவருடைய பழைய மின்னஞ்சல் முகவரிக்குச் சென்றிருக்க வேண்டும். அந்த முகவரியும் அப்போது செயல்படவில்லை. அண்மையில் சந்தித்தபோது அவர் சொன்னார்: "வீடு கட்டினோம் என்று நினைத்தேன் தம்பி. வாடகைக்குத்தான் இருந்திருக்கிறோம். வாடகை கேட்காததால் தெரியவில்லை."

இந்த ஒரு வரியில் ஒரு தலைமுறையின் மனக்கசப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பள்ளிகளிலும் இதே கதைதான். 2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது மடிக்கணினிகளும் ஒளிபடக் கருவிகளும் பாடக் குறுவட்டுகளும் பள்ளிகளுக்கு வந்தன. கொள்கை மாறியபோது வட்டுகள் அலமாரிக்குள் சென்றன. அதன்பின் ஒரு கற்றல் தளம் வந்தது, பயிற்சிக்குச் சென்றோம், பாடங்களைத் தயாரித்து ஏற்றினோம். சில ஆண்டுகளில் வேறொரு தளம் வந்தது. முன்னதில் ஏற்றியவை பின்னதற்குத் தாமாக வந்து சேரவில்லை. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் முதலாம் ஆண்டு மாணவரைப்போல அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார். இதனால் விளையும் சோர்வைச் சோம்பல் என்று கூறுவது அறமாகாது.

அறுபதாண்டுத் தாளும் இருபதாண்டு வட்டும்

நான் பணியாற்றிய பள்ளியொன்றின் வரலாற்றைத் தொகுக்கும் பணி சில ஆண்டுகளுக்குமுன் எனக்கு வாய்த்தது. அலுவலக அலமாரியில் இரண்டு மலர்கள் கிடைத்தன.

முதலாவது 1965ஆம் ஆண்டு அச்சிட்ட மலர். தாள் பழுப்பேறியிருந்தது. கம்பி துருப்பிடித்து, ஓரங்களைச் செல் அரித்திருந்தது. எனினும் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க முடிந்தது. பள்ளிக் கட்டடத்துக்கு நன்கொடை தந்த தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. இரண்டு வெள்ளி, ஒரு வெள்ளி, ஐம்பது காசு. அந்தத் தோட்டம் இன்றில்லை. செம்பனையும் அழிந்து வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. அந்த மக்கள் வாழ்ந்தமைக்கும் ஒரு பள்ளியை எழுப்பியமைக்கும் எஞ்சியிருக்கும் சான்று அந்த மூன்று பக்கங்களே. என் வகுப்பின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதில் தன் பாட்டனாரின் தந்தை பெயரைத் தடையின்றி வாசித்தாள்.

இரண்டாவது 2004ஆம் ஆண்டு வெளியிட்ட மலர். 'காகிதம் வீண், இனி எல்லாம் கணினியில்' என்ற முழக்கத்தோடு குறுவட்டாகவே வழங்கப்பட்டது. வட்டின்மேல் அழகிய வண்ணப்படம் இருந்தது. அதைப் படிக்கும் கருவியைத் தேடிப் பிடிக்கவே இரண்டு நாள் ஆயின. உள்ளிருந்த கோப்புகளைத் திறக்கும் மென்பொருள் எங்கள் கணினி எதிலும் இல்லை. ஒருவாறு திறந்த கோப்பிலும் எழுத்துரு இல்லாததால் குறியீடுகளே தெரிந்தன. படங்கள் சில கிடைத்தன. படத்தில் இருப்பவர் யார் எனச் சொல்லும் வரிகள் கிடைக்கவில்லை.

அறுபதாண்டுத் தாள் பேசுகிறது. இருபதாண்டு வட்டு ஊமையாக இருக்கிறது. 1816ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்விக்கு இருநூறாண்டு கடந்த வரலாறு இந்நாட்டில் உண்டு. அவ்வரலாற்றின் தோட்டப்புறக் காலத்தைத் தாள் காத்தது. கணினிக் காலத்தை எது காக்கப்போகிறது? பள்ளிகள் இடம்பெயர்கின்றன, மாணவர் எண்ணிக்கை குறைந்து சில மூடப்படுகின்றன. இன்று நாம் கையிலுள்ள பதிவுகளைப் பேணாவிட்டால், 1965ஐ விடவும் 2005 நம் பேரப்பிள்ளைகளுக்கு இருண்ட காலமாகத் தோன்றும்.

ஆக்கியோர் நுகர்வோர் ஆயினர்

இழப்பு ஒருபுறம் இருக்க, இணையத்தின் இயல்பே மாறிப்போனது மறுபுறம். அன்று ஒருவர் இணையத்திற்குள் செல்வதென்றால் எதையேனும் தேடிச் செல்வார்; அல்லது எதையேனும் செய்து வைக்கச் செல்வார். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டிப்பார். இன்று யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. முகநூலும் காணொளிச் செயலிகளும் நமக்கு எது பிடிக்கும் எனக் கணித்து வரிசையாக ஊட்டுகின்றன. ஒன்று முடியுமுன் மற்றொன்று தானே ஓடுகிறது. நிறுத்தும் இடம் என்று ஒன்று இல்லை. நம் கவனமே அங்கே விற்பனைப் பொருள்.

வையவிரி வலையை 1989ஆம் ஆண்டு முன்மொழிந்த டிம் பெர்னர்ஸ் லீயும் இந்த மாற்றத்தை எண்ணிக் கவலையுற்றவரே. 1993ஆம் ஆண்டு அத்தொழில்நுட்பம் உலகிற்கு உரிமக் கட்டணமின்றி வழங்கப்பட்டது. வலையை நெறிப்படுத்த ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று அவரே முன்னின்று 2019ஆம் ஆண்டு வெளியிட நேர்ந்தது. அவருக்கும் முன்னே, மனிதரோடு உரையாடுவதுபோல் தோன்றும் 'எலிசா' என்னும் நிரலை 1966ஆம் ஆண்டு எழுதிய ஜோசப் வைசன்பாம், மக்கள் அதனிடம் மனம்திறந்து பேசியதைக் கண்டு திடுக்கிட்டார். பத்தாண்டு கழித்து, மனிதர் செய்ய வேண்டிய தீர்ப்புகளைக் கணினியிடம் விடலாகாது என்று ஒரு நூலே எழுதினார். ஆகவே, நம்பிக்கை இழப்பு என்பது கணினி அறியாதவரின் புலம்பல் அன்று. அதை நன்கறிந்தவர்களே முதலில் எச்சரித்திருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு இல்லிருப்புக் கற்றல் தொடங்கியபோது, தொழில்நுட்பம் கைகொடுத்ததை மறுப்பதற்கில்லை. ஆனால், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே திறன்பேசி இருந்த வீடுகளில் கற்றல் எவ்வாறு நடந்தது என்பதை நாம் அறிவோம். பள்ளி திறந்த பின்னர் புத்தகத்தைக் கேட்கும் கைகள் குறைந்து, திறன்பேசியைக் கேட்கும் கைகள் பெருகியதையும் அறிவோம். இப்போது கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. பிழையற்ற வாக்கியங்களோடு ஒரு கட்டுரை வருகிறது. எழுதிய மாணவரிடம் அதிலுள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் விழிக்கிறார்.

எவை பிழைத்தன? ஏன் பிழைத்தன?

இத்தனைக்கும் நடுவே, பிழைத்தவையும் உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் அவற்றுள் தலையாயது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, பல நாட்டுத் தன்னார்வலர்களோடு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார். குறியேடு மாறியபோதெல்லாம் கோப்புகளும் மாற்றப்பட்டன. அதனால்தான் இன்றும் அவை படிக்கக் கிடைக்கின்றன. 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் பலரது கைகளால் வாழ்கிறது. 1935ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் எண்ணியமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. கையடக்கப்பேசியில் தமிழைக் கொணர்ந்த 'செல்லினம்' 2005 பொங்கலன்று வெளிவந்தது. 2013ஆம் ஆண்டு ஐபோனிலேயே தமிழ் விசைமுகம் அமைந்தது. இன்று ஒரு பாட்டி தம் பேரனுக்குப் புலனத்தில் தமிழிலேயே செய்தி அனுப்புகிறார் என்றால், அது அந்த உழைப்பின் பயனே.

பிழைத்தவற்றுக்கும் அழிந்தவற்றுக்கும் என்ன வேறுபாடு? பிழைத்தவை ஒரே இடத்தில் மட்டும் இருக்கவில்லை. பல படிகளாக இருந்தன. எவரும் திறக்கக்கூடிய எளிய வடிவில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அவற்றை ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்துப் பேண ஓர் ஆளோ ஓர் அமைப்போ இருந்தது. ஓலைச்சுவடிக் காலத்திலும் இதுவே விதி. சுவடி தானாக வாழ்ந்ததில்லை. தலைமுறைதோறும் ஒருவர் புதிய ஓலையில் படியெடுத்ததால் வாழ்ந்தது. படியெடுக்கும் கை நின்றபோது நூல் மறைந்தது. இணையம் வந்தபோது, இனிப் படியெடுக்க வேண்டியதில்லை என்று நாம் நம்பவைக்கப்பட்டோம். நம் ஏமாற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியர்களே, பள்ளி அலமாரியிலுள்ள பழைய வட்டுகளை இவ்வாண்டே எடுங்கள். திறக்க முடிந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். பழைய எழுத்துருக்களை மாற்றித்தரும் கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு படியைப் பள்ளிக் கணினியிலும், ஒரு படியை வெளி வன்வட்டிலும், ஒரு படியை வேறோர் இடத்திலும் வையுங்கள். முதன்மையானவற்றை அச்சிட்டுக் கட்டி வையுங்கள். ஆண்டு மலர் கணினியில் வரட்டும். பத்துப் படிகளேனும் தாளிலும் வரட்டும். படங்களின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையின் கையில் கருவியைக் கொடுக்கும்போது, 'இன்று இதில் என்ன பார்த்தாய்?' என்று கேட்பதோடு, 'இன்று இதில் என்ன செய்தாய்?' என்றும் கேளுங்கள். தாத்தாவின் கதையைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்யட்டும். பாட்டியின் சமையற்குறிப்பைப் பதிவு செய்யட்டும். அதை அச்சிட்டு வீட்டில் வையுங்கள். நுகர்வோராக வளரும் பிள்ளையை ஆக்குவோராக மாற்றும் சிறு படி அது.

கணினியின்மீது எனக்குப் பகையில்லை. இக்கட்டுரையையும் தமிழ் 99 விசைப்பலகையில்தான் தட்டச்சு செய்கிறேன். ஆயினும், பொறி நம் மொழியைக் காக்கும் என்று கைகட்டி நின்ற காலம் போதும். நா. கோவிந்தசாமி போன்றோர் கணினியை நம்பித் தமிழை அதனிடம் விட்டுவிட்டுப் போகவில்லை. தாமே அமர்ந்து ஒவ்வோர் எழுத்தாக ஏற்றினார்கள். ஏற்றியது அவர்தம் தலைமுறை. படியெடுக்க வேண்டியது நம் தலைமுறை.